352ஆவது டிவிஷன் நின்ற ஊர்கள்: நார்மண்டி நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 13, சனி – பாயூ

பிரான்சின் நார்மண்டியில் இருக்கிற பாயூவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்கிற அந்தப் பதினோராம் நூற்றாண்டுப் பூத்தையல் சீலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. புதுப்பிப்பதற்காக இந்த மாதம் முதல் தேதியே அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள், இனி 2027இல்தான் திறப்பு. வாசலில் எங்களோடு நின்ற ஒரு வயதான தம்பதி அறிவிப்புப் பலகையை நாலு தடவை படித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. நாங்கள் வந்த காரணம் வேறு.

காரணம் என் மச்சினன். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான், ஜெர்மன் நன்றாகப் பேசுவான், போர் வரலாறு படிக்கிற பைத்தியம் உண்டு. 1944 ஜூன் 6இல் அமெரிக்கப் படை கடல்வழியாக வந்து இறங்கிய ஒமாஹா கடற்கரைக்கு எல்லாரும் அமெரிக்கர்களைத் தேடித்தான் போகிறார்கள், நாம் எதிர்ப்பக்கம் நின்ற ஜெர்மன் 352ஆவது காலாட்படை டிவிஷன் இருந்த இடங்களாகப் பார்த்துக்கொண்டு போகலாம் மாமா என்றான். அதன் தளபதி டீட்ரிஷ் க்ராய்ஸ் பிறந்தது ஸ்டுட்கார்ட்டில்தான், 1889இல், அதனால் அவனுக்கு ஒரு உள்ளூர் ஆர்வம். லீவு போட்டுக் காசு செலவழித்து ஹிட்லர் படையைத் தேடிப் போவீர்களா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பயணம் முழுக்க அது கூடவே வந்தது.

காலையில் சனிக்கிழமைச் சந்தை. பழங்கள், உயிரோடு வாத்துகள், ஒரு வண்டி முழுக்கப் பாலாடைக்கட்டி. கடைக்கார அம்மாவிடம் நேராக விலை கேட்டால் பதில் வராது, முதலில் போன்ழூர் என்று வணக்கம் சொல்ல வேண்டும், அவரும் திரும்பச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் வியாபாரம். சொல்லிவிட்டால் ஆளே மாறிவிடுகிறார், மூன்று விதக் கட்டியைச் சீவிக் கையில் கொடுத்துத் தின்னச் சொல்கிறார். தெர்கூல் என்று ஒன்று விற்கிறார்கள்: அரிசி, பால், சர்க்கரை, பட்டை போட்டு மண்சட்டியில் மணிக்கணக்காக அடுப்பில் வைத்து, மேலே பழுப்பாக ஏடு கட்டியதும் எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் பால் பாயசம்தான், கரண்டியால் வெட்டி எடுக்கிற அளவுக்கு இறுகிப்போனது. ஒரு கிண்ணம் மூன்று யூரோ. நான் இரண்டு சாப்பிட்டேன்.

மதியம் ஊருக்குக் கிழக்கே வில்லியே-லெ-செக், பாசன்வில் பக்கம் காரில் போனோம். சும்மா வயல், கல் வீடுகள், ஒரு தேவாலயக் கோபுரம். 352இன் 915ஆவது ரெஜிமென்ட் அழிந்தது இந்த வட்டாரத்தில்தான், அதுவும் எத்தனை கிலோமீட்டர் வீணாக அலைந்த பிறகு! 1944 ஜூன் 6 அதிகாலை மூன்று மணி வாக்கில், மேற்கே காரன்டான் பக்கம் பாராசூட் படை இறங்கிவிட்டது என்று அந்த ரெஜிமென்ட்டை அங்கே ஓடச் சொன்னார்கள். லெப்டினன்ட் கர்னல் கார்ல் மையர் தலைமையில் இருந்த இந்தப் படைதான் அந்தப் பகுதிக்கான ஒரே பெரிய கையிருப்பு. ஆட்கள் சைக்கிளிலும், பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு லாரிகளிலும் கிளம்பினார்கள். அங்கே இறங்கியவர்களில் ஒரு பகுதி வைக்கோல் அடைத்த பொம்மைகள். பாதி வழியில் திரும்பி வரச் சொல்லி ஆணை. வந்தவர்களில் ஒரு பட்டாலியனை ஒமாஹாவுக்குப் பிரித்துவிட்டு, மீதிப் பேரைக் கிழக்கே பிரிட்டிஷ் படைக்கு எதிராக அனுப்பினார்கள். வானத்தில் விமானம், எதிரே டாங்கி. மையர் அன்றைக்கே செத்துப்போனார். ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே கழிந்த ரெஜிமென்ட் அது.

இதைக் குறிக்கிற பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு – ஒமாஹா

காற்று. குடை விரித்த முதல் நிமிடமே கம்பி மடங்கிப் போச்சு.

முதலில் கோல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். நுழைய விமான நிலையம் மாதிரியே பெல்ட், பை எல்லாம் சோதனை, கட்டணம் கிடையாது. 9,300க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குச் சிலுவைகள், நடுநடுவே தாவீது நட்சத்திரங்கள். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு, எந்தக் கோணத்தில் நின்றாலும் வரிசை நேராகத் தெரிகிறது. கூட்டம் அதிகம். ஆனால் யாரும் கத்திப் பேசவில்லை, ஒரு பள்ளிக்கூடக் கூட்டம்கூட.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் டபிள்யூ-என் 62 என்கிற ஜெர்மன் அரண். சரிவில் இரண்டு கான்கிரீட் பீரங்கி அறைகள், சுற்றிப் புல் மூடிய பதுங்குகுழிக் கோடுகள். ஒரு பங்கரின் தலையிலேயே அமெரிக்கப் பொறியாளர் படையின் நினைவுத்தூணை நட்டுவைத்திருக்கிறார்கள், ஜெயித்தவர்களுக்கு அதைவிட வசதியான பீடம் கிடைத்திருக்காது. கீழே கடற்கரை முழுசாகத் தெரிகிறது. நாங்கள் போன நேரம் கடல் வற்றியிருந்தது, தண்ணீர் விளிம்பு முந்நூறு மீட்டருக்கு அப்பால். அன்றைக்கும் இறங்கியது கடல் வற்றிய நேரத்தில்தான், மணலில் நட்ட தடுப்புகள் படகைக் கிழிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. கீழே இறங்கி அந்தத் தூரத்தை நடந்தேன். ஈர மணல், ஷூ புதைகிறது, முதுகில் பை மட்டும்தான், யாரும் சுடவில்லை, அப்படியும் மூச்சு வாங்கியது.

இங்கே இருந்தவர்களில் பாதிக்கு மேல் 352ஐச் சேராதவர்கள். இதை மச்சினன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடலோர அரண்களில் முன்பிருந்தே இருந்தது 716ஆவது டிவிஷன், வயதானவர்களும் நோயாளிகளும் நிறைந்தது. 1944 மார்ச்சில் 352ஐக் கரைக்கு நகர்த்தி அதோடு கலந்துவிட்டார்கள். 62இல் இருந்த சுமார் நாற்பது பேரில் 352க்காரர்கள் பீரங்கிக் கண்காணிப்புக் குழு மட்டும்தான். அதில் ஒருவர் ஹைன்ரிஷ் செவர்லோ, இருபது வயசு, லெப்டினன்ட் ஃப்ரெர்க்கிங்கின் உதவியாள். பிற்பகல் வரை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். தான் சுட்டு வீழ்த்தியதாக அவர் சொன்ன ஆள் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை, எனக்கும் அது மிகையாகத்தான் படுகிறது, கடற்கரை முழுக்க நடந்த மொத்தச் சேதத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. ஆனால் அங்கே காயம்பட்ட டேவிட் சில்வா என்கிற அமெரிக்கர், பிற்காலத்தில் ராணுவப் பாதிரியார் ஆனவர், 1960களில் செவர்லோவைச் சந்தித்து நண்பரானது உண்மை.

அமெரிக்கக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. பதினாலு வயசுப் பையன் பதுங்குகுழியில் படுத்துக் கையைத் துப்பாக்கியாக நீட்டினான். அவன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், அவ்வளவுதான்.

352 பற்றி ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது: அன்றைக்குத் தற்செயலாகக் கடற்கரையில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த ஒரு தேர்ந்த படை, அதனால்தான் ஒமாஹாவில் அவ்வளவு ரத்தம் என்று. ஒத்திகையும் இல்லை, தற்செயலும் இல்லை. மூன்று மாதமாக அங்கேதான் இருந்தார்கள், நேச நாடுகளின் உளவுத்துறைதான் அவர்களைச் சான்-லோ பக்கம் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அப்புறம், தேர்ந்த படை என்பது? 1943 நவம்பரில், ரஷ்யப் போர்முனையில் நொறுங்கிப்போன 321ஆவது டிவிஷனின் மிச்சத்தை எடுத்து, பதினேழு பதினெட்டு வயசுப் பையன்களைச் சேர்த்துக் கட்டியது. கூடவே கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உதவியாட்கள். அனுபவமுள்ள அதிகாரிகள் இருந்தார்கள், ஆனால் தோட்டா தட்டுப்பாடு, குறி பார்த்துச் சுடும் பயிற்சி சில தடவைதான் நடந்தது. பகலில் பெரும் நேரம் கடற்கரையில் கட்டை நடுகிற வேலை. இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கரையைக் காக்க வேண்டும். ஒமாஹாவில் அவ்வளவு பேர் செத்ததற்கு அந்த மேட்டுச் சரிவே பாதிக் காரணம் என்று மேலே நின்று பார்த்தவர் யாருக்கும் தோன்றும். குண்டுவீச்சு விமானங்கள் மேகத்தில் கடற்கரையைத் தாண்டி உள்ளே வயலில் போட்டுவிட்டுப் போனதும் ஒரு காரணம்.

ராத்திரி வியர்வில் பக்கம் ஒரு சின்ன உணவகத்தில் மட்டி, ஆப்பிள் சைடரில் வேகவைத்தது, பெரிய சட்டி நிறைய, 16 யூரோ. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் உருளைக்கிழங்கு வறுவல்தான் கதி.

செப்டம்பர் 15, திங்கள் – வேலிகளுக்குள்

காலையிலிருந்து தூறல். இன்றைக்குக் கடற்கரையை விட்டு உள்ளே, 916ஆவது ரெஜிமென்ட் பின்வாங்கிய வழியில் போனோம்.

ஃபோர்மின்யி வழியில்தான். 1450இல் ஆங்கிலேயர்களை பிரெஞ்சுக்காரர்கள் அடித்து நார்மண்டியை மீட்ட ஊர், அதற்கும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. இந்த மண்ணில் எதைத் தோண்டினாலும் ஏதாவது ஒரு படை வருகிறது.

அங்கிருந்து தெற்கே திரும்பியதும் பாதைகள் குறுகிவிட்டன. இந்த வட்டாரத்தில் வயலுக்கு வயல் மண்மேடு, மேட்டின் மேல் மரமும் முள்ளும் அடர்ந்த வேலி, சில இடங்களில் காரின் உயரத்துக்கு மேல். நூற்றாண்டுகளாக மாட்டைக் கட்டுப்படுத்தவும் காற்றைத் தடுக்கவும் வளர்த்தது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு கார் போகிற அகலம், வளைவு தாண்டினால் என்ன இருக்கிறது என்று தெரியாது. வளைவு தாண்டி இருந்தது ஒரு பால் லாரி. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் காட்டினார். மச்சினன் ரிவர்ஸ் எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். இடது கண்ணாடியில் முள் கிழித்து ஒரு நீளக் கோடு, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது 180 யூரோ பிடித்துக்கொண்டார்கள். லாரி எங்களைத் தாண்டும்போது அந்த ஆள் ஜன்னலை இறக்கி வருத்தம் தெரிவித்து, நாங்கள் எங்கிருந்து வருகிறோம், ஊரில் மாடு உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனார், பின்னால் நின்ற வேன்காரரும் பொறுமையாகக் காத்திருந்தார்.

அந்தக் கோட்டுக்குக் கொடுத்த காசுக்கு ஒன்று புரிந்தது. ஒமாஹாவின் வியர்வில் மேட்டிலிருந்து சான்-லோவுக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதைக் கடக்க அமெரிக்கர்களுக்கு ஜூன் 6இலிருந்து ஜூலை 18 வரை ஆனது. ஒவ்வொரு வேலியும் ஒரு கோட்டை. மூலையில் ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தால் வயலில் கால் வைத்த அத்தனை பேரும் அதன் கணக்கில். டாங்கி மேட்டில் ஏறினால் அடிவயிறு தெரியும். கடற்கரையில் ஒரே நாளில் உடைந்த டிவிஷன், இந்த வேலிகளுக்குள் ஏழு வாரம் தாக்குப்பிடித்தது. அன்றைய ஒரு நாள் இழப்பே சுமார் 1,200 பேர் என்று டிவிஷனின் தலைமைச் செயல் அதிகாரி ஃப்ரிட்ஸ் ஸீகல்மான் போருக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் சொல்கிறார்.

த்ரேவியேர் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது, நல்ல பசி. திங்கட்கிழமை. உணவகம் மூடல், ரொட்டிக் கடை மூடல். முதல் உலகப்போர் நினைவுச் சிலையின் படியில் உட்கார்ந்து காரில் கிடந்த ஆப்பிளைத் தின்றோம். தலைக்கவசம் போட்ட பெண் சிலை. 1944 ஜூனில் ஒரு குண்டுச் சில்லு முகத்தின் கீழ்ப்பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, தாடை இல்லை. ஊர்க்காரர்கள் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இதே போலத் தாடை இல்லாத ஒரு நகலை அமெரிக்காவில் வர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட் ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள், ஒமாஹாவில் நிறைய இளைஞர்களைப் பறிகொடுத்த சிற்றூர் அது. 916இன் தலைமையகம் இந்த த்ரேவியேரில்தான் இருந்தது, ஜூன் 10இல் அமெரிக்கர்கள் பிடித்தார்கள்.

நாங்கள் ஆப்பிள் தின்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு பாட்டி கதவைத் திறந்து வந்தார். அரை ரொட்டி, ஒரு துண்டு வெண்ணெய், காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டி. காசு நீட்டினால் கோபப்பட்டார். நின்று பேசவும் இல்லை, கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய் – லா காம்ப், இசின்யி

காலை புவான்ட் டு ஹோக். முப்பது மீட்டர் செங்குத்துப் பாறை, ரேஞ்சர்கள் என்கிற அமெரிக்கச் சிறப்புப் படையினர் 225 பேர் கயிறு கட்டி ஏறிய இடம். ஜூன் 8இல் உதவி வந்து சேர்ந்தபோது ஆயுதம் தூக்கும் நிலையில் இருந்தவர்கள் தொண்ணூறு பேர். இடையில் இரவுகளில் அவர்களை அடித்துக்கொண்டிருந்தது 352இன் 914ஆவது ரெஜிமென்ட். குண்டுக் குழிகள் இன்னும் ஆள் உயரத்துக்கு இருக்கின்றன, புல் முளைத்துப் பச்சையாக. குழந்தைகள் உருண்டு விளையாடினார்கள். நிறைய எழுதப்பட்ட இடம், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அங்கிருந்து லா காம்ப். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

பெருஞ்சாலை ஓரத்திலேயே ஜெர்மன் ராணுவக் கல்லறைத் தோட்டம். நுழைவு வாசல் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. உள்ளே வெள்ளைப் பளிங்கு இல்லை. தரையோடு தரையாகக் கல், ஒவ்வொரு கல்லிலும் பெரும்பாலும் இரண்டு பெயர், நடுநடுவே ஐந்து ஐந்தாகக் கருங்கல் சிலுவைகள், மத்தியில் ஒரு மண்மேடு, மேட்டுக்கு அடியில் அடையாளம் தெரியாதவர்கள் இருநூறு பேருக்கு மேல். மொத்தம் 21,222 பேர். கோல்வில்லில் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் நாங்கள் போனபோது கார் நிறுத்துமிடத்தில் ஆறு வண்டி. லாரிகள் போகிற இரைச்சல் விடாமல் கேட்கிறது.

352க்காரர்கள் எங்கே என்று தேடினால் கல்லில் டிவிஷன் எண் கிடையாது. பெயர், பதவி, பிறந்த தேதி, இறந்த தேதி. மச்சினன் கணக்கு வேறு மாதிரி போட்டான்: ஜூன் 6, 7, 8 என்று இறந்த தேதி பார்த்துக்கொண்டே போனான், பிறந்த வருஷம் 1925, 1926 என்று வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டான். இங்கேயேதான் நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்எஸ் ஆட்களும் கிடக்கிறார்கள், டாங்கித் தளபதி விட்மான் கல்லறைக்கு யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. பதினெட்டு வயசுப் பையனின் கல்லுக்கு அதில் ஒரு பூ போட்டிருக்கலாம்.

கைத்தடியோடு ஒரு ஜெர்மன் பெரியவர் ஒரு கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஜெர்மனில் பேசியதும் சந்தோஷப்பட்டார். அவர் பார்த்தே இராத சித்தப்பாவாம். "எங்கள் பாட்டி கடைசி வரை இங்கே வரவில்லை, அந்த ஊர்க்காரர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்" என்றார். பின்னே அவரே, ஊர்க்காரர்கள் தனக்கு இதுவரை ஒரு தடவைகூட முகம் சுளித்துக் காட்டியதில்லை, வருஷா வருஷம் தங்குகிற வீட்டு அம்மா கிளம்பும்போது ஜாம் புட்டி கட்டிக் கொடுக்கிறார் என்றும் சொன்னார்.

போர் முடிந்த புதிதில் இங்கே அமெரிக்கர்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள், பக்கத்துப் பக்கத்து வயலில். 1947க்குப் பிறகு அவர்களை எடுத்துக் கோல்வில்லுக்கும் சொந்த ஊருக்கும் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் இசின்யி. வெண்ணெய்க்கும் பாலேட்டுக்கும் பேர்போன ஊர். கடையில் உப்பு வெண்ணெய் கால் கிலோ நாலு யூரோ, கேரமல் ஒரு பை ஐந்து யூரோ, வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறது, வெறுமனே தின்னலாம். ஜூன் 8இல் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது, அன்று ராத்திரியே அமெரிக்கர்கள் நுழைந்தார்கள். 352இன் பையன்கள் ஜெர்மனியில் சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில் வளர்ந்ததால் உடம்பில் தெம்பில்லை, கடும் பயிற்சி தாங்கவில்லை என்று ஸீகல்மான் குறைப்படுகிறார். சுற்றிலும் இவ்வளவு மாடு மேய்கிற ஊரில். ஆக்கிரமித்த நாட்டின் பாலும் வெண்ணெயும் ஜெர்மனிக்குப் போனதும், அதைக் காக்க வந்த பையன் வற்றிக் கிடந்ததும் ஒரே அரசாங்கத்தின் வேலைதான்.

செப்டம்பர் 17, புதன் – சான்-லோ

வெயில் வந்துவிட்டது, நம்ப முடியவில்லை.

சான்-லோவில் பழைய வீடு எதுவும் தெரியவில்லை. ஜூன் 6 ராத்திரி நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் தொடங்கி ஜூலை வரை அடி வாங்கி, ஊரில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. முதல் ராத்திரியிலேயே நூற்றுக்கணக்கான பொதுமக்கள். சிறையில் ஜெர்மானியர்கள் அடைத்துவைத்திருந்த எதிர்ப்பு இயக்கத்தவர்களும் உள்ளேயே செத்தார்கள். அந்தச் சிறையின் வாசல் வளைவை மட்டும் நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். என் மனைவி கேட்ட கேள்விக்கு இந்த வாசல்தான் பக்கத்தில் வருகிறது. க்ராய்ஸ் திறமையான தளபதி, அவர் ஆட்களில் பாதிப்பேர் மீசை அரும்பாத பிள்ளைகள், எல்லாம் சரி. இந்தக் கதவைப் பூட்டிய ஆட்சிக்காகத்தான் அவர்கள் அங்கே கடற்கரையில் கட்டை நட்டார்கள்.

நோத்ர-தாம் தேவாலயத்தின் முகப்பு இடிந்த இடத்தை அழகுபடுத்தாமல் பச்சைக் கல்லால் சும்மா அடைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சான்த்-க்ருவா தேவாலயப் பக்கம், ஜூலை 17இல் செத்த அமெரிக்க மேஜர் தாமஸ் ஹோவியின் உடலை முதல் ஆளாக ஊருக்குள் கொண்டுவந்து இடிபாட்டின் மேல் கொடி போர்த்திக் கிடத்தினார்கள் என்று அங்கே படிக்கலாம்.

மதியச் சாப்பாடு ஒரு சாதாரண உணவகத்தில், அன்றைய தட்டு 14 யூரோ: கோழி, பாலேடு, காளான், கூடவே ஆப்பிள் பை. பக்கத்து மேசை லாரி ஓட்டுநர்கள் சாப்பிட வருகிற ஒவ்வொருவருக்கும் பசி ஆறச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துச் சொன்னார்கள், எங்களுக்கும்.

1943 நவம்பரில் 352 உருவானது இந்த ஊரைச் சுற்றித்தான். ஜூலைக் கடைசியில் அது படையாக இல்லாமல் போனதும் இந்த ஊர்ப் பக்கம்தான், க்ராய்ஸ் ஆகஸ்ட் 2இல் காயப்பட்டு நாலு நாளில் இறந்தார். ஒரு டிவிஷனின் ஒன்பது மாத வாழ்க்கை முழுவதும், பால் லாரி குறுக்கே வராவிட்டால், காரில் ஒரு மணி நேரத்தில் முடிகிற நிலப்பரப்புக்குள்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. செப்டம்பரில் அதே எண்ணில் இன்னொரு டிவிஷனைப் புதுசாகத் திரட்டி, டிசம்பரில் அர்டென் காட்டுப் பகுதியில் ஜெர்மனி தொடுத்த எதிர்த்தாக்குதலுக்கு லக்சம்பர்க் வழியாக அனுப்பினார்கள். டீகிர்ஷ் பக்கம் சண்டை. டீகிர்ஷில் நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது மாமா, டிசம்பரில் போனால் அதே பனியில் பார்க்கலாம் என்று மச்சினன் காரில் ஆரம்பித்தான். போறதாயிருந்தால் மே மாசத்தில் போகலாம் மாப்ளே என்று சொல்லிவிட்டு, வண்டியை முதலில் அந்தக் கண்ணாடிக் கோட்டுக்குப் பாலிஷ் விற்கிற கடைப் பக்கம் விடச் சொன்னேன்.